யாரும் கை தூக்கவில்லை

வெளிநாட்டுப் போதகர்களுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பதுதான் நான் முதலில் பழகிய மேடைப் பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையின் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வருஷாவருஷம் யாராவது ஒருவர் கடல் கடந்து வருவார். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்த வேண்டும். அவர் குரல் உடைந்தால் என் குரலும் உடைய வேண்டும். கூட்டம் முடிந்ததும் வயதான பெண்கள் என்னிடம் வந்து, "அவிய பேசுனத விட நீ பேசுனதுதான் நல்லா இருந்துச்சு" என்பார்கள். மற்ற நாட்களில் நான் ராஜபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை. அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை, அந்தப் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குப் போகும் வரை.

ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது அந்தக் கம்பெனி. ஒரு பக்கம் விசைத்தறிகள். இன்னொரு பக்கம், வெளுத்து வந்த துணியைச் சோதித்து, வெட்டி, மடித்து, பெட்டியில் அடைக்கிற பெரிய கூடம். கூடத்தில் முழுக்கப் பெண்கள். செட்டியார்பட்டிப் பெண்கள் நடந்தே வந்துவிடுவார்கள். மம்சாபுரம் பக்கத்துப் பெண்களைக் கம்பெனி வேன் ஏற்றி வரும். முதலாளி வீட்டில் தெலுங்கும் கம்பெனியில் தமிழும் வியாபாரத்தில் ஆங்கிலமும் பேசுகிற மனிதர். நெய்கிற துணியில் பெரும்பங்கு ஒரே ஓர் அமெரிக்கருக்குத்தான் போனது. அவர் அதை அங்குள்ள மருத்துவமனைகளுக்கு விற்றார். சரக்கு வாங்குகிறவர் என்பதால் கம்பெனியில் எல்லோரும் அவரை ஆங்கிலத்தில் 'பையர்' என்றே சொன்னார்கள்.

பையருக்கு ஒரு விதி இருந்தது. அவர் வரும்போது தொழிலாளிகளிடம் நேரடியாகப் பேச வேண்டும். மொழிபெயர்ப்பவர் கம்பெனி ஆளாக இருக்கக் கூடாது. யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கவில்லை என்று அவர் தன் ஊரில் உறுதி சொல்லியாக வேண்டுமாம். கம்பெனி மேனேஜர் எங்கள் சபைக்காரர். அவர்தான் என் பெயரைச் சொல்லியிருந்தார்.

முதல் முறை பையர் வந்தது ஒரு மார்கழியில். உயரமான மனிதர், லேசான கூன், முழங்காலில் வலி. கூடத்துக்குள் வந்ததும் நாற்காலியைத் தேடாமல் துணியைத் தேடினார். விரல்களுக்கிடையே துணியை வைத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு எல்லோரையும் உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். நம் இரண்டு நாடுகளும் வியூகக் கூட்டாளிகள் என்றார். நான் பத்திரிகைகளில் வருகிற அதே சொல்லைப் போட்டுச் சொன்னேன். கூடத்தில் ஒரு முகத்திலும் அசைவில்லை. அடுத்து அவர், நீங்களும் நானும்கூடப் பார்ட்னர்கள்தான் என்றார். கன்வென்ஷன் மேடைப் பழக்கம் எனக்கு. முன்னால் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், "நீங்களும் நானும் பங்காளிங்க" என்று சொல்லிவிட்டேன்.

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. சோதனை மேசையில் நின்ற மம்சாபுரத்துப் பெண் ஒருத்திதான் வாய்விட்டுச் சொன்னாள். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டே பேசுவாள்.

"பங்காளின்னா வேண்டாம்னு சொல்லுங்க டீச்சர். எங்க பங்காளி வரப்ப நகட்டி நகட்டிக் கோழிக்கூடு வரைக்கும் வந்துட்டாரு."

பையர் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் ஊரில் பங்காளி என்றால் ஒரே தாத்தாவின் சொத்தில் பங்கு உள்ளவர் என்றும், வேலிச் சண்டையும் வாய்க்கால் சண்டையும் அவரோடுதான் வரும் என்றும் விளக்கினேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். தகப்பனாரின் பண்ணையைப் பிரித்த நாளிலிருந்து தன் அண்ணன் தன்னோடு பேசுவதில்லை என்றார். அதை நான் தமிழில் சொன்னதும், சிரித்துக்கொண்டிருந்த அதே பெண்கள் 'ப்ச்' கொட்டினார்கள். அன்றிலிருந்து கூடத்தில் அவர் அமெரிக்காக்காரர் இல்லை, அண்ணனோடு பேச்சில்லாதவர். அவர் புறப்படும்போது யாரோ ஒரு பொட்டலம் பால்கோவா கொடுத்தார்கள். அவர் அதைக் காரில் ஏறுவதற்கு முன்பே பிரித்துவிட்டார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

பிறகு வரி வந்தது. நம் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிற சரக்குக்கு முதலில் ஒரு வரி. அது போதாதென்று, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக அதன் மேல் இன்னொரு வரி. இரண்டும் சேர்ந்தால் சரக்கின் விலையில் பாதி. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் இரண்டு நாட்டுத் தலைவர்களும் கட்டித் தழுவி நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. ஒருவர், நட்பு நாடு என்றால் இதைச் செய்வானா என்பார். இன்னொருவர், நட்பு என்று நாம்தான் சொன்னோம், அவன் எப்போது சொன்னான் என்பார். கண்டக்டர்கூடச் சில்லறை கொடுத்துக்கொண்டே தன் பங்குக்கு ஒரு கருத்துச் சொல்வார்.

கம்பெனிக்கு அது கருத்தாக வரவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கண்டெய்னர் கம்பெனி வாசலிலேயே நின்றது. ஏற்றவா வேண்டாமா என்று பையரிடமிருந்து பதில் வரவில்லை. தறிகளில் பாதி நின்றன. வாரம் முழுக்க வந்த வேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் யாருடைய அம்மாவுக்கு அந்த வாரம் வேலை இல்லை என்பது எனக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

என் கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு நூற்பாலையின் காவல் பிரிவில் வேலை பார்க்கிறார். ராஜஸ்தான் பாலைவனத்தில் அமெரிக்கப் படையோடு நடந்த கூட்டுப் பயிற்சி ஒன்றில் அவர் கலந்துகொண்டிருக்கிறார். அப்போது ஒரு அமெரிக்கச் சிப்பாய் தன் தோள்பட்டை வில்லையைக் கழற்றி இவருக்குக் கொடுத்து, இவருடையதை வாங்கிக்கொண்டானாம். அது இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஒரு நாள் காலையில் தேநீர் குடிக்கும்போது நான் வரியைப் பற்றிப் பொரிந்து தள்ளினேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"கேம்ப்ல ஒண்ணாத்தான் ஓடுனோம், ஒண்ணாத்தான் தின்னோம். அவன் எனக்கு வில்லை குடுத்ததும் நெசந்தான். ஆனா மேப் விரிச்சு வச்சிருக்க கூடாரம் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள நம்மாளு போக முடியாது. நம்ம கூடாரத்துக்குள்ளயும் அவன் வர முடியாது. கூட்டாளின்னா அம்புட்டுதான். இதுல வருத்தப்பட என்ன இருக்கு?"

"எனக்கு வருத்தம் இல்ல. கோவம்."

"யாரு மேல?"

வரி போட்டவர் மேலா, நம்பியிருந்தவர் மேலா, கட்டித் தழுவிய படத்தின் மேலா? அவர் எழுந்து டூட்டிக்குப் போய்விட்டார். நான் அன்று வகுப்பில் இலக்கணம் எடுத்துக்கொண்டிருந்தபோதும் அந்தக் கேள்வியிலேயேதான் இருந்தேன்.

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த சமயத்தில் மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். பையர் வருகிறார், முக்கியமான கூட்டம், நான் கட்டாயம் வர வேண்டும் என்றார். போனதும் கூடத்துக்கு அல்ல, முதலாளியின் அறைக்கு அழைத்துப் போனார். முதலாளி இளைத்திருந்தார். மேசையின் மேல் ஆறிப்போன காபி இருந்தது. அவர் என்னை உட்காரச் சொல்லி, நிலைமையை மறைக்காமல் சொன்னார். வரி இருக்கிற வரை பழைய விலைக்கு வாங்க முடியாது என்று பையர் சொல்லிவிட்டார். விலையைக் குறைத்தால் ஆர்டர் நிற்காது. விலையைக் குறைக்க ஒரே வழி, பெண்களின் பீஸ் ரேட்டை, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்று தருகிற கூலியை, குறைப்பது. ஆனால் கட்டாயப்படுத்திக் குறைத்ததாகப் பையரின் ஊரில் தெரிந்தால் அதற்கும் சிக்கல். ஆகவே பெண்கள் தாங்களாகவே சம்மதித்ததாக இருக்க வேண்டும். பையர் பேசுவார், கை தூக்கச் சொல்வார், பெண்கள் கை தூக்குவார்கள். அவ்வளவுதான்.

"நீங்க நல்லாப் பேசுவீங்க டீச்சர். கூட்டத்தை உருக்கிருவீங்கன்னு மேனேஜர் சொல்லுவாரு. இன்னைக்குக் கொஞ்சம் அப்படிப் பேசுங்க. அதுகள்ல யாராவது வெடுக்குன்னு எதாவது சொன்னா, அதை அப்படியே சொல்லிறாதீங்க. கொஞ்சம் பதமாச் சொல்லுங்க."

பிறகு, என் பள்ளியின் தாளாளர் தனக்கு நீண்ட நாள் நண்பர் என்றும், போன வாரம்கூட என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசிக்கொண்டோம் என்றும் சொன்னார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி எதற்காகச் சொல்லப்பட்டது என்று புரியாத அளவுக்கு நான் பச்சைப்பிள்ளை இல்லை.

அந்த அறையில் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வியாபாரம் முழுவதையும் ஒரே நாட்டின் தோளில் சாய்த்து வைத்திருந்தார். வேறு ஊர்களுக்கும் கொஞ்சம் அனுப்பலாமே என்று மேனேஜர் முன்பு சொன்னபோது, அவ்வளவு பெரிய மரம் சாயாது என்றாராம். மரம் சாயவில்லை. சற்றே உடம்பைத் திருப்பிக்கொண்டது. அதற்கே இவர் கீழே விழுந்துகொண்டிருந்தார். ஆனால் தான் விழும்போது பிடித்துக்கொள்ள அவர் தேடியது, தன்னைவிட நோஞ்சானான கைகளை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கணவர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அப்போது கிடைத்தது என்று நினைக்கிறேன்.

"ஐயா, பையர் சொல்றதைப் பொம்பளைங்களுக்குச் சொல்வேன். அவங்க சொல்றதைப் பையருக்குச் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அது சரிப்படாதுன்னா இப்பவே வேற ஆளைப் பாத்துக்கோங்க."

வேறு ஆளைத் தேட நேரம் இல்லை. வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

பையருக்கு முழங்கால் முன்னைவிட மோசமாகியிருந்தது. அவர் துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய சிரிப்பு யார் முகத்திலும் இல்லை என்றாலும், முன் வரிசையில் ஒருத்தி அவருடைய அண்ணன் பேசினாரா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

பிறகு பேசினார். தன் அரசாங்கத்துக்கும் எங்கள் அரசாங்கத்துக்கும் ஒரு மனத்தாங்கல் வந்திருக்கிறது என்றார். குடும்பத்தில் வருவது போலத்தான், தீர்ந்துவிடும் என்றார். அது தீரும் வரை, குடும்பம் என்றால் கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றார். கூலியில் கொஞ்சத்தைச் சில மாதங்களுக்கு விட்டுக் கொடுத்தால் வேலையைக் காப்பாற்றிவிடலாம், சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதே அளவில், அதே குரலில் தமிழில் வைத்தேன். உருக்கவில்லை. குரல் உடையவில்லை.

யாரும் கை தூக்கவில்லை.

பெண்கள் தங்கள் கைகளை மடியில் வைத்திருந்தார்கள். சிலர் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்திருந்தார்கள், தவறிக்கூட அது எழுந்துவிடக் கூடாது என்பது போல. மேனேஜர் தொண்டையைச் செருமினார். ஒருவேளை புரியவில்லையோ என்று பையர் என்னிடம் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அப்போதும் கைகள் மடியில்தான் இருந்தன.

அந்தச் சோதனை மேசைப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், நான் சொல்லுதத அப்படியே சொல்லுவீங்களா?"

"சொல்வேன்."

"ரஷ்யாக்காரன்கிட்ட எண்ணெய் வாங்குனது நாங்க இல்ல. வாங்காதன்னு தடுக்கவும் நாங்க ஆளில்ல. அது பெரியவிய பேச்சு, அவியளே பேசிக்கிடட்டும். நாங்க பண்ணுதது காயத்துல கட்டுத துணி. அவிய ஊரு ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கவன் எந்த நாட்டு எண்ணெய ஊத்தி வண்டி ஓட்டுனான்னு நாங்க கேட்டமா?"

நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பையர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் தொடர்ந்தாள்.

"குடும்பம்னு சொன்னாரு. குடும்பத்துல நல்லது வரும்போதும் பகிரணும். ஆர்டர் நெறைய வந்த வருசம் எங்களுக்கு யாரும் கூட்டிக் குடுக்கல. கொறைக்கதா இருந்தா கொறைங்க. தடுக்க எங்களுக்குத் தெம்பு இல்ல. ஆனா நாங்களே சந்தோசமாக் கொறைச்சுக்கிட்டோம்னு கை தூக்க மாட்டோம். அந்த ஒண்ணு மட்டும் எங்ககிட்ட கேக்கப்படாது."

இதையும் சொன்னேன். சொல்லும்போது என் ஆங்கிலம் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இருபது வருஷமாகப் பாடம் நடத்திய மொழியில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதே இல்லை.

முதலாளி என் பக்கமாகச் சாய்ந்தார். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே தமிழில் மெதுவாகச் சொன்னார். "யோசிக்கிறாங்கன்னு சொல்லுங்க டீச்சர். டைம் கேக்குறாங்கன்னு சொல்லுங்க."

அந்தச் சமயத்தில் நான் நிறைய யோசித்தேன் என்று சொன்னால் பொய். தாளாளரின் முகம் வந்தது. ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. இந்தக் கூடத்தில் யார் பேசினாலும் அதை மற்றவருக்குச் சொல்லத்தான் நான் நிற்கிறேன். முதலாளியும் பேசியிருக்கிறார். ஆகவே பையரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: இவர்கள் யோசிப்பதாகவும் அவகாசம் கேட்பதாகவும் உங்களிடம் சொல்லும்படி உரிமையாளர் என்னிடம் கேட்கிறார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, முதலாளி சொன்னதையும் நான் பையரிடம் சொன்னதையும் தமிழில் சொன்னேன்.

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேனேஜர் தரையைப் பார்த்தார்.

பையர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு, தன்னையும் யாரும் கை தூக்கச் சொல்லிக் கேட்கவில்லை என்றார். வரி வந்த செய்தியைத் தானும் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகவும், தன் கிடங்கிலிருந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்ததாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. தமிழில் சொன்னேன். கூடத்தில் சிலர் பாவம் என்றார்கள். சோதனை மேசைப் பெண் மட்டும் உட்காராமல் நின்றாள்.

"அப்ப அவியளும் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

பையர் எழுந்து, அவளுக்கு நேராகத் தலையை லேசாகத் தாழ்த்திவிட்டு வெளியே போனார். இந்த முறை யாரும் பால்கோவா கொடுக்கவில்லை.

பீஸ் ரேட் குறையவில்லை. வரியின் சுமையில் ஒரு பங்கைப் பையரும் ஒரு பங்கை முதலாளியும் ஏற்றுக்கொண்டதாக மேனேஜர் பிறகு சொன்னார். கூட்டத்துக்கு முன்னால் முதலாளி மூன்று மாதம் கெஞ்சியும் கிடைக்காதது அது. உங்கள் தொழிலாளிகள் சொன்னதை நானே கேட்டேன், அதற்கு மேல் உங்களிடம் எதைக் கேட்பது என்று பையர் முதலாளியிடம் போனில் சொன்னாராம். ஆனால் ஆர்டர் சுருங்கியது. வேன் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்தது. மம்சாபுரத்துப் பெண்கள் சிலர் தோப்பு வேலைக்குப் போனார்கள். சிலர் வன்னியம்பட்டிப் பக்கம் களையெடுக்கப் போனார்கள். வெற்றி என்று இதை யாரும் கொண்டாடவில்லை. கொண்டாடும்படியாக எதுவும் இல்லை.

எனக்கும் அதன் அடி வந்தது. தாளாளர் கூப்பிட்டு, நான் முதலாளியை நேரில் பார்த்து வருத்தம் தெரிவிப்பது நல்லது என்றார். எதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டேன். நடந்ததற்கு என்றார். நடந்ததில் நான் சொன்ன எந்தச் சொல் தவறு என்று சொன்னால், அதற்காகத் தாராளமாக மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அடுத்த வாரம் பிளஸ் டூ வகுப்பை என்னிடமிருந்து எடுத்து, ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். காரணம் கேட்டேன், நிர்வாக வசதி என்றார்கள். ஆசிரியர் அறையில் எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு வருத்தப்பட்டார்கள். நான் ஆறாம் வகுப்புக்குப் போய், முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். அழுதேனா என்றால், அழுதேன். வீட்டில், சமையலறையில், வெங்காயத்தின் பேரைச் சொல்லி. கணவர் பார்த்துவிட்டார். அன்று பாத்திரம் எல்லாம் அவரே தேய்த்தார்.

ஒரு நாள் பஸ்ஸில், அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். செட்டியார்பட்டிக்காரி, மடிக்கிற வேலை பார்த்தவள். பஸ் கிளம்பி வெகுதூரம் போன பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உங்களாலதான் டீச்சர் என் வேலை போச்சு. நீங்க செத்த பதமாச் சொல்லியிருந்தா ஆர்டர் முழுசா வந்திருக்கும்னு மேனேஜர் சொல்லுதாரு."

அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பதமாகச் சொல்லியிருந்தால் ஆர்டர் வந்திருக்கும், கூலியும் குறைந்திருக்கும், அவள் கை தூக்கியதாகவும் எங்கோ எழுதப்பட்டிருக்கும். இதையெல்லாம் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை இல்லாதவளிடம் நியாயம் பேசுவது சுலபமான காரியம் இல்லை. மன்னிச்சிரும்மா என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஏனென்றால் நான் வருந்தவில்லை. அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், குனிந்து சொன்னாள்.

"எங்க வீட்ல, நீயாவது கை தூக்கியிருக்கலாம்லனு அவரு கேட்டாரு. அம்புட்டுப் பேரும் சும்மா இருக்கையில நான் மட்டும் எப்பிடித் தூக்கன்னு சொன்னேன். ஆனா நெசம் அது இல்ல டீச்சர். எனக்கே தூக்க மனசில்ல."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். என்னைத் திட்டியதற்கும் இதற்கும் நடுவே அவள் சமாதானம் எதையும் வைக்கவில்லை. இரண்டும் அவளுக்கு உண்மை.

சில மாதங்கள் கழித்து இரண்டு அரசாங்கங்களும் பேசி, வரியைக் குறைத்தன. நட்பு திரும்பிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. மறுபடியும் படம் போட்டார்கள். பஸ்ஸில் ஒருவர் மட்டும், ஏற்றியபோதும் நம்மைக் கேட்கவில்லை, இறக்கியபோதும் கேட்கவில்லை, இதில் நமக்கு என்ன நட்பு என்றார். எனக்கு அவரைத் தெரியாது. ஆனாலும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் முதலாளியே எனக்குப் போன் செய்தார். முதலில் குரல் அடையாளம் தெரியவில்லை. ஐரோப்பாவிலிருந்து ஒரு புதுப் பையர் வருகிறார் என்றார். ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கும் இப்போது துணி போகிறதாம். ஒரே மரத்தில் சாய்வதை விட்டுவிட்டேன் டீச்சர் என்றார். பிறகு சொன்னார்.

"நீங்க அன்னைக்குப் பண்ணுனது எனக்குக் கோவந்தான். இன்னும் ஆறல. ஆனா பையர் அன்னைக்கு என்னை நம்பாம உங்களை நம்பித்தான் பாதிச் சுமையை எடுத்துக்கிட்டாரு. அது எனக்குத் தெரியும். நீங்களே வாங்க."

நான் ஒரு நிபந்தனை சொன்னேன். வருகிறவர் என்ன கேட்கப் போகிறார் என்பதை முந்தின நாளே பெண்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கூடத்தில் வைத்துத் திடீரென்று கேட்கக் கூடாது. அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். வகுப்பு விஷயமாகத் தாளாளரிடம் தான் பேசுவதாக எதுவும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மேனேஜர் வந்து, முதலாளி சம்மதித்துவிட்டார் என்றார். நான் இப்போதும் ஆறாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறேன்.

புதுப் பையர் ஓர் இளம் பெண். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கூடத்தில் பழைய கூட்டத்தில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். மம்சாபுரத்துப் பெண் சோதனை மேசையிலேயே நின்றாள். முந்தின நாள் எல்லோரும் கூடிப் பேசி வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. விருந்தாளி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எங்கள் நாடும் உங்கள் நாடும் நீண்ட கால நண்பர்கள் என்று ஆரம்பித்தாள். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மம்சாபுரத்துப் பெண் ஒரு சுருள் துணியை எடுத்து மேசையின் மேல் போட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே தள்ளில் விரித்தாள்.

"நாட்டப் பத்திப் பொறவு பேசுவோம் டீச்சர். மொதல்ல துணியப் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு, என்ன வெலைக்கு எடுக்காகன்னு எங்க முன்னாடி வச்சே சொல்லச் சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். இந்த முறை அவர் என் பக்கம் சாயவில்லை. நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன்.